காமன் ஊன்றிய பள்ளங்கள்

1.

இந்தக் கதை பிறந்தது ஓர் எரிச்சலில். 2014இல் மீரியபெத்த தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை, அந்த வரிசை வீடுகளை, மூடியதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை. அப்போது ஒரு கேள்வி மனதில் வந்து குந்திக்கொண்டது: மலை சரிந்தால்தான் கதையா? சரிகிற இடத்தில் யாரும் குடியிருக்காமல் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கதையே கிடையாதா? போங்கள், இது என்ன நியாயம்! உடனே நூறு வருடம் பின்னால் போய், அப்புத்தளைப் பக்கம், நிஜத்தில் இல்லாத ஒரு தோட்டத்தை உண்டாக்கி, அதில் பெரியாயியைக் குடிவைத்தேன்.

2.

முதல் தொடக்கம்: "ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த—"

வேண்டாம். மழையோடு தொடங்கினால் யாரையாவது கொன்றுதான் முடிக்க வேண்டிவரும்.

இன்னொரு தொடக்கம்: 1912, மாசி மாதம், நல்ல வெயில். பெரியாயி கொழுந்துக் கூடையோடு ஓடி வருகிறாள். துரை புது லயம் கட்டப்போகிறாராம்! பள்ளத்தில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்திலேயே. முதல் காம்பரா அவளுக்கும் புருஷன் முருகையாவுக்கும் என்று கங்காணி வாக்குக் கொடுத்துவிட்டார்.

இது பிடித்திருக்கிறது. வைத்துக்கொள்வோம்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் கொழுந்தன் குடும்பத்தோடு ஒரே காம்பராவில் இருக்கிறாள். நடுவில் ஒரு சாக்குப் படுதா. இந்தப் பக்கம் முருகையா கிசுகிசுத்தால் அந்தப் பக்கம் மாமியார் இருமுவார். (மாமியாரைக் கதைக்குள் விடமாட்டேன். இருமல் போதும்.) தனியாக ஓர் அடுப்பு, சாத்திக்கொள்ள ஒரு கதவு. அவள் கேட்டது அவ்வளவுதான்.

3.

இப்போது ஒரு தடை வேண்டும். சீலை வியாபாரி மர்ஸூக்கை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்புகிறேன். (தோட்டத்தார் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்பார்கள்.) துரைமார் அவரவர் தோட்டத்தை மட்டும் பார்ப்பார்கள். மர்ஸூக்கின் வண்டி சுற்றியுள்ள நாலு தோட்டத்துக்கும் போய்வரும்.

"பள்ளத்துலயா தங்கச்சி கட்டப்போறாங்க? மழை வந்தா மலையில உள்ள தண்ணியும் மண்ணும் அங்கதானே இறங்குது! போன ஐப்பசியில என்ட வண்டிய இழுக்க ஏலாமப் போச்சு. நாலு தோட்டத்துலயும் இதே கதைதான். பள்ளமாப் பார்த்துக் கட்டுறாங்க."

"நானா, நீங்க சீலைய வித்துட்டுப் போங்க. என் காம்பராவுல கண்ணு வைக்காதீங்க!"

முதல் பிரதியில், இந்த இடத்தில் பெரியாயி மலையை நிமிர்ந்து பார்த்து உண்மையை உணர்ந்தாள். படித்துப் பார்த்தேன், சகிக்கவில்லை. வெட்டிவிட்டேன். இத்தனை நாள் படுதாவையே பார்த்துக்கொண்டிருந்தவள் மலையை ஏன் பார்க்கப்போகிறாள்?

பக்கத்தில் நின்று கேட்ட முருகையாதான் அன்று மாலையே பள்ளத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான். அந்த வருடக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுபவன் அவன்.*

[* மாசியில் காமன் கம்பம் ஊன்றிக் கூத்தாடுவார்கள். பெண் வேஷமும் ஆண்களுக்குத்தான். ஊன்றிய இடம் காமன் பொட்டல், சாமி நிலம். அதில் சுவர் எழுப்பச் சொன்னால் மறுநாள் காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, ஓர் ஆள் வராது. என் கதையிலாவது வராது.]

4.

"இந்த வருசம் காமன பள்ளத்துல ஊன்றப்போறோம்," என்றான் முருகையா. கங்காணி உட்பட எல்லோரும் சம்மதித்தாயிற்று.

பெரியாயி அகப்பையைக் கீழே போட்டாள். "அப்ப என் காம்பரா?"

"அடுத்த வருசம் பார்த்துக்கலாம் புள்ள. உசுரு பெருசில்லையா?"

"இந்தச் சாக்குக்குப் பின்னால கெடக்கவா உசுரு?"

ஆத்திரம் தீர அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். எனக்கே பயமாகிவிட்டது. ரதி உடுத்துவது யாருடைய சீலை? அவளுடைய கூறைச்சீலை! ரதி இல்லாமல் காமன் கூத்து ஏது?

"பாறை மேட்டுல என் காம்பராவுக்கு மொதக் கால ஊன்றுங்க. அப்புறம் சீலை தர்றேன்."

"அங்க பீலி தூரமாச்சே!"

"தண்ணி நீங்க தூக்குங்க."

5.

ஞாயிற்றுக்கிழமை தோட்டமே திரண்டது. பள்ளத்தில் இறக்கியிருந்த மரம், கல், தகரம் அத்தனையும் தப்பு முழங்க மேட்டுக்கு ஏறின. துரை குதிரையில் வந்தார். (அவர் கெட்டவர் அல்ல. பள்ளம் ரோட்டுக்குப் பக்கம், அதனால் அங்கே கட்டச் சொன்னார்.) மேட்டில் முதல் கால் நட்டாயிற்று, பள்ளத்தில் காமன் கம்பத்துக்குக் குழி தோண்டியாயிற்று. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். திரும்ப இறக்கச் சொன்னால் நாளைக்குக் கொழுந்து பறிக்க ஆளிருக்காது என்பது அவருக்கே புரிந்தது. "சரி, அங்கேயே கட்டு!" என்று குதிரையைத் திருப்பினார்.

பெரியாயி ஓடிப்போய்க் கூறைச்சீலையை எடுத்து வந்து, எல்லோர் முன்னாலும் முருகையாவின் தோளில் போட்டாள். "கிழிச்சீங்க, கொன்னுபுடுவேன்." ரதிக்கு வெட்கம் தாங்கவில்லை.

மர்ஸூக் சும்மா இருப்பாரா? அடுத்த தோட்டத்தில் போய், "அங்க பள்ளத்துல ஊன்றுறாங்க, நீங்க என்ன பாத்துட்டு இருக்கீங்க?" என்று உசுப்பிவிட்டார். நாலு தோட்டமும் போட்டி போட்டுக்கொண்டு, தண்ணீர் இறங்கும் இடமாகப் பார்த்து ஊன்றின. ஒரு தோட்டத்தில் அந்த இடம் துரை பங்களாவின் முற்றம். அங்கேயும் ஊன்றிவிட்டார்கள்! (அந்தத் துரையின் முகத்தை வர்ணிக்க நான்கு முறை முயன்றேன். சிரிப்பில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.) வட்டாரத் திட்டமிடல் என்று இன்றைக்கு இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. அவர்கள் அதைக் கூத்து என்று சொன்னார்கள்.

6.

ஐப்பசி வந்துவிட்டது. இனி முடிக்க வேண்டும்.

பள்ளத்தில் மண் சரிய, மேட்டில் நின்றவர்கள் எல்லோரும் பெரியாயியைக் கையெடுத்துக் கும்பிட்டு— சீ, வேண்டாம்.

இன்னொரு முடிவு: ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. "உங்க பேச்சக் கேட்டு இவ்வளவு தூரம் வந்தேனே," என்று அவள் முருகையாவை ஆயுசுக்கும் தண்ணீர் தூக்கவைத்தாள். இது எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். ஆனால் நான் தேர்ந்தெடுக்கப்போவதில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மழை கொட்டுகிறது. பெரியாயி தன் சொந்த அடுப்பில் ரொட்டி சுடுகிறாள். முருகையா ஏதோ சொல்கிறான், சத்தமாகவே சொல்கிறான். அவள் எழுந்து வந்து கதவைச் சாத்துகிறாள், என் முகத்தில் அடித்த மாதிரி. சந்தோஷமாக வெளியே நிற்கிறேன்.

பேனா இனி உங்கள் கையில். மலையை இறக்க ஆசையாக இருந்தால் தாராளமாக இறக்குங்கள். கீழே யாரும் இல்லை.