எதுகை இல்லாத கல்லறை

தமிழ்ப் பேராசிரியர் நேசக்குமார் செத்த அன்று மத்தியானம் குளிர்பெட்டியிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். அவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எதுகை இல்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். உயிரோடு இருந்தபோதும் யார் வீட்டு இழவானாலும் முதலில் போஸ்டரைத்தான் வாசிப்பார், அப்புறம்தான் பிணத்தைப் பார்ப்பார்.

இந்த மனுஷனுக்குத்தான் ஈவாஞ்சலினைக் கட்டிவைத்தார்கள். கல்யாணமான புதிதில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தபோது, அவள் ஆசையாய் இரண்டு வரி எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தாள். 'கப்பல் சத்தம் கேட்டாலும் நீங்கன்னுதான் ஓடுதேன்.' சாயங்காலம் அது சிவப்பு மையோடு திரும்பி வந்தது. எதுகை இல்லை, மோனையும் இல்லை என்று குறித்திருந்தார். அடேயப்பா, பெரிய கண்டுபிடிப்பு! அதோடு அவள் எழுதுவதை விட்டாள். ஆனால் அந்த வரிகள் என்றைக்காவது அவர் காதில் ஏறியே தீர வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தாள்.

போஸ்டர் அடித்தவன் அவள் தம்பி டெரன்ஸ். 'அன்பின் விளக்கே அணைந்தாயே, பாச மலையே மறைந்தாயே' என்று போட்டிருந்தான்.

"ஏலே டெரன்ஸ், வரி முடியுத இடத்துல இயைபு இருக்கு. தொடங்குத இடத்துல எதுகை எங்கல? இத வச்சிக்கிட்டு நான் குழிக்குள்ள போவணுமாக்கும்!" என்றது பிணம்.

போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். டெரன்ஸ் கடைக்கு ஓடி வேறொன்று அடித்து வந்தான். 'அன்பின் விளக்கே அணைந்தாயே, இன்ப மலையே இறந்தாயே.' பேராசிரியர் விரலை மடக்கிச் சரிபார்த்தார். எதுகை சரி, மோனை சரி, இயைபும் சரி. பொருளைப் பற்றி அவர் என்றைக்குக் கவலைப்பட்டார்? முகம் மலர்ந்து படுத்துக்கொண்டார்.

"இன்ப மலையாம்லா! கூட இருந்த எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள் ஈவாஞ்சலின்.

அடக்கம் நல்லபடியாக முடிந்தது. கல்லறையில் என்ன வெட்டுவது என்று கேட்டபோது, அந்தப் பழைய இரண்டு வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் சொன்னாள். கல் நட்ட அன்றே அவர் உள்ளேயிருந்து தட்ட ஆரம்பித்தார்.

"அக்கா, அத்தான் தட்டுதாவ!" என்று டெரன்ஸ் பதறினான்.

"தட்டட்டும்ல. சிவப்புப் பேனா வெளியலதான இருக்கு."

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அவள் போய்க் கல்லைத் துடைத்து, அவருக்குக் கேட்கும்படி அதை ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு வருகிறாள். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் அந்தத் தட்டலுக்குப் பழகிவிட்டார்கள்.