லுல்வாவின் காலடியில் டைல்ஸ்

குவைத்தின் சல்மி சாலையோரப் பாலைவனத்தில், மிஷாரியின் மகள் லுல்வா தன் எட்டாவது வயதில் முதன்முறையாக மணலில் கால் வைத்தபோது, அந்த இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் கல் ஒன்று முளைத்தது. வெண்ணெய் நிறம், நடுவே பழுப்பு ரேகை, அவர்கள் வீட்டுக் கூடத்தில் பதித்த அதே ரகம். அடுத்த அடிக்கு அடுத்த கல். இடுக்குகளில் வெள்ளை சிமெண்ட்கூட ஒழுங்காகப் பூசியிருந்தது. அவள் குளியல் கூடாரம் வரை போய்த் திரும்பியதில் நாற்பத்தாறு கற்கள் ஆயின. மிஷாரி குனிந்து விரலால் தட்டிப் பார்த்தார். எங்கும் உள்ளே பொக்கை இல்லை. வீட்டுக்கு டைல்ஸ் போட்ட ஆள் இவ்வளவு சுத்தமாகச் செய்யவில்லையே என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

மகளைப் பாலைவனத்துக்குக் கூட்டிவந்ததே அவர் யோசனை. பள்ளியில் பாலைவனம் வரையச் சொன்னதற்கு அவள் ஒரு கார் ஜன்னலை வரைந்து, அதற்குள் பழுப்பு வண்ணம் அடித்திருந்தாள். ஆசிரியை நட்சத்திரம் கொடுத்திருந்தார். மிஷாரிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரமே குளிர்காலக் கூடாரம் போட உரிமம் எடுத்து, இயற்கையோடு ஒன்றுவதற்காக இரண்டு லாரி சாமான் ஏற்றினார். ஜெனரேட்டர், கம்பளங்கள், நாலு சோபா, குளிர்பெட்டி, சுவரளவு டிவி, அதைத் தாங்க ஒரு சுவர். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் போவார்கள். வீட்டைவிட்டு வெளியே போவதென்றால் வீட்டையும் கூட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். மிஷாரி சோபாவில் சாய்ந்து, கைபேசியைப் பார்த்தபடியே, "போ கண்ணு, போய் மணல்ல விளையாடு" என்று சொல்லித்தான் அந்த முதல் அடி விழுந்தது.

அக்கம்பக்கத்துக் கூடாரக்காரர்கள் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பயன்படுத்திக்கொண்டார்கள். தேநீர் வண்டி தள்ள வசதியாக இருக்கிறதென்று பெண்கள் லுல்வாவை அழைத்துப்போய்ச் சமையல் கூடாரத்திலிருந்து விருந்துக் கூடாரம் வரை நடக்கவைத்தார்கள். நகராட்சி ஆய்வாளர் அபூ ஃபலாஹ் மட்டும் இதை ரசிக்கவில்லை. கூடாரப் பகுதியில் சிமெண்ட், டைல்ஸ், நிரந்தரத் தரை எதுவும் கூடாது என்பது விதி.

"என்னப்பா இது, பாலைவனமா கல்யாண மண்டபமா?"

"நான் போடலீங்க. என் பொண்ணு நடந்தா வருது."

"அப்ப நடக்காம இருக்கச் சொல்லு. சீசன் முடியறப்ப ஒரு கல்லு இருந்தாலும் அடுத்த வருஷம் உனக்கு உரிமம் கிடையாது."

உரிமம் போனால் போகிறதென்று மிஷாரி விட்டிருப்பார். அவரை அரித்தது வேறு. மற்றப் பிள்ளைகள் கணுக்கால் வரை மணலில் புதைந்து கத்திக்கொண்டு ஓடும்போது, லுல்வா தன் கல்மேல் விரல்களை மடக்கிக்கொண்டு நின்று பார்ப்பாள். ஒருநாள் வந்து கேட்டாள், "யுபா, மணல் மிதிச்சா எப்படி இருக்கும்?" அப்பா என்பதை எங்கள் பிள்ளைகள் யுபா என்பார்கள். மிஷாரி குனிந்து தன் செருப்புக்காலைப் பார்த்தார். அவருக்கே மறந்து போயிருந்தது.

அதன்பின் எல்லாம் செய்து பார்த்தார். வெறுங்காலோடு விட்டார், ஈரக்காலோடு விட்டார், தோளில் தூக்கிப்போய்க் கண் எட்டாத தூரத்தில் இறக்கினார். கல் வந்தது. மணல்மேட்டில் உருட்டிவிட்டதில் கைப்பிடி வைத்த படிக்கட்டு வந்தது. அவர் மனைவி வஸ்மியா அந்தப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "அடுத்து லிஃப்ட் வரும். அதுக்குள்ள நிறுத்திக்கோ, மிஷாரி" என்றாள்.

மாசி மாதம் ஃபகா காலம் வந்தது. இடியும் மழையும் ஒழுங்காக விழுந்த வருடத்தில் மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போல விளையும் காளான் அது. மண் லேசாக உப்பி வெடித்திருக்கும் இடத்தைக் கண்ணால் கண்டுபிடித்துத் தோண்ட வேண்டும். குடும்பம் குடும்பமாகக் குனிந்த தலையோடு அலைவார்கள். மிஷாரி முந்தின நாளே சந்தையில் இரண்டு கிலோ வாங்கிவந்து, யாருக்கும் தெரியாமல் ஒவ்வொன்றாகப் புதைத்துவைத்தார். பிள்ளைகளுள்ள அப்பாக்கள் பாதிப்பேர் செய்வதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை. மறுநாள் காலை, "அடடே, இங்க என்னமோ இருக்கே!" என்று அவர் கூவியபோது குரல் அவருக்கே சகிக்கவில்லை.

லுல்வா தன் கல்லில் நின்றபடி எட்டிப் பார்த்தாள். "நீங்க வச்சதா, யுபா?"

"சேச்சே! மண்ணு குடுத்தது."

"இதுல செம்மண்ணு ஒட்டியிருக்கு. இங்க எல்லாம் வெளுப்பு மண்ணு."

கல்மேல் நின்றே அவள் இத்தனை நாளும் மண்ணைப் படித்திருக்கிறாள் என்று மிஷாரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் சந்தைக் காளானைக் கீழே போட்டார்.

"நான் ஒரு தடவைகூட ஃபகா கண்டுபிடிச்சதில்ல கண்ணு. சின்ன வயசுல எங்க யுபா கூட்டிட்டு வந்தப்ப, வெயிலு, பூச்சின்னு சொல்லி கார்லயே உக்காந்துட்டேன்."

"அப்ப உங்களுக்கும் தெரியாதா?"

"ஒரு மண்ணும் தெரியாது."

அவளுக்கு அது பிடித்திருந்தது. "வாங்க, தேடலாம்" என்றாள். மிஷாரி செருப்பைக் கழற்றினார், கைபேசியை அதன்மேல் வைத்தார், நாலு காலில் இறங்கினார். லுல்வாவும் இறங்கினாள். அவளுக்கு அடியில் டைல்ஸ், அவருக்கு அடியில் மணல், இருவரும் மூக்கு தரையில் படும்படி நகர்ந்தார்கள். வண்டு பார்த்தார்கள், ஓணான் பொந்து பார்த்தார்கள், வெங்காயத் தோல் போன்ற ஒன்றைப் பார்த்து அது என்னவென்று அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். ஃபகா மட்டும் இல்லை. பக்கத்துக் கூடாரத்து இளைஞர்கள், "அண்ணே, மோதிரம் தொலைஞ்சதா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். மிஷாரியின் முட்டி எரிந்தது. எழுந்தால் ஏதோ போய்விடும் என்று அவர் எழவில்லை.

வெயில் சாய்ந்தபோது லுல்வா தன் கல்லில் காதை வைத்துப் படுத்தாள். "யுபா, இது ஆடுது." கல்லின் குறுக்கே மயிரளவு விரிசல் ஓடியது, ஒரு மூலை தானாக உப்பியது. இருவருமாக நகத்தால் நெம்பினார்கள். கீழே ஈர மண்ணில், பிறந்த குழந்தையின் முஷ்டி அளவில் ஒரு ஃபகா இருந்தது. லுல்வா அதை எடுக்கவில்லை. கையை மணிக்கட்டு வரை மண்ணுக்குள் விட்டு, வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"ஜில்லுனு இருக்கு. யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு." அவள் நகக்கண்ணில் ஏறிய அழுக்கை வஸ்மியா மூன்று நாள் கழுவவிடவில்லை.

சீசனின் கடைசி நாளில் அபூ ஃபலாஹ் வந்தபோது பாதிக் கற்கள் உப்பி வெடித்துக் கிடந்தன. சுற்றிப் பார்த்து, நோட்டில் "தரை தானே பெயர்கிறது" என்று எழுதிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் கூடாரப் பக்கம் பாப்பாவை ஒருதடவை நடக்கவிட முடியுமா என்று கேட்டார். மணலில் கண்ணுக்குத் தெரியாத ஃபகா வெடிப்பு டைல்ஸில் தெளிவாகத் தெரியும் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

வருடங்கள் போயின. கல் வருவது நிற்கவில்லை, கொஞ்சம் தாமதமாக வரத் தொடங்கியது. பத்து வயதில் கால் மணலைத் தொட்டபின் ஒரு நொடி, பதினைந்தில் நாலு நொடி. இப்போது லுல்வாவுக்கு இருபத்து நாலு. பொறுமையாகப் பதினொன்று எண்ணலாம். அவள் குவைத்தின் எந்தப் பக்கத்து மணலுக்கும் பெயர் சொல்வாள், ஓரிடத்தில் நின்று பேசமாட்டாள். டைல்ஸ் வருவதற்குள் அடுத்த இடத்துக்குப் போயிருப்பாள். பின்னால் விழும் கற்களின் வரிசையில் மிஷாரி நாற்காலியை இழுத்துக்கொண்டு வருகிறார். முட்டிவலிக்குச் சமதரைதான் நல்லதென்று மருத்துவரும் சொல்லியிருக்கிறார்.