பத்தொன்பதாம் நம்பர் சிவப்பு

சித்தூரில் வீடு மாறியபோது ஹேமநாத்தின் பொம்மைக் காரில் ஒரு கதவு உடைந்துபோனது. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், புத்தூர்ப் பக்கத்து ஊரில் இருந்தபோது, அவன் அப்பா, நைனா, மெட்ராசிலிருந்து வாங்கிவந்த பாகங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்து அவனே செய்த கார். பிளாஸ்டிக் தகட்டில் புதுக் கதவு வெட்டிப் பொருத்திவிட்டான். நிறம்தான் கிடைக்கவில்லை.

அந்த பெயிண்ட் கம்பெனியை மூடி வெகுகாலமாகிவிட்டது. டப்பா மூடியிலிருந்த பத்தொன்பது என்ற எண் மட்டும் நினைவிருந்தது. நான்கு மாதம் இணையத்தில் தேடி, பெங்களூர்க்காரர் ஒருவரிடம் பிரிக்காத டப்பா ஒன்றைப் பிடித்தான். தடவிப் பார்த்தால் பளீரென்ற தக்காளிச் சிவப்பு. காரோ நாவற்பழக் கறை பட்டதுபோல் கருஞ்சிவப்பு.

திருப்பதியில் கார்களுக்குப் பெயிண்ட் கலந்துகொடுக்கும் ஹரிபாபுவிடம் எடுத்துப்போனான். அவர் காரைக் கவிழ்த்து, வெயிலே படாத அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கும் அதே நிறம். இது பழசாகி மாறியதில்லை, சிவப்பில் யாரோ நீலம் கலந்திருக்கிறார்கள் என்றார். ஹேமநாத்துக்குக் கோபமே வந்தது. சின்ன வயதில் அந்த டப்பாவை அவன் யாரையும் தொடவிட்டதில்லை.

திரும்பும் பஸ் பாகாலாவைத் தாண்டும்போது தங்கை யசோதாவின் நினைவு வந்தது. நகரியில் இருக்கிறாள், பண்டிகைக்குத்தான் பேச்சு. போன் செய்து விஷயத்தைச் சொன்னான்.

"நான்தாண்ணா. நீ இஸ்கூலுக்குப் போயிருந்தப்ப டப்பாவக் கவுத்துட்டேன். பயந்துக்கினு, மாட்டுக் கொம்புக்கு அடிச்ச நீலத்த ஊத்தி ரொப்பி வச்சேன்."

அன்று சாயங்காலம் டப்பாவைக் கலக்கிவிட்டு, பாகங்கள் வந்த பெட்டியின் படத்தில் இருப்பதைவிட நிறம் அழகாக வந்திருக்கிறது என்று அவளிடமே பீற்றிக்கொண்டது அவனுக்கு ஞாபகம் வந்தது. சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை யசோதா ஒரு சின்ன டப்பா நீல எனாமலோடு வந்து இறங்கினாள். மொட்டைமாடியில் உட்கார்ந்து தீக்குச்சியால் சொட்டுச் சொட்டாகக் கலந்தார்கள். எட்டாவது தடவை கிட்டத்தில் வந்தது. அடித்துப் பார்த்தால் கதவு மட்டும் துளி வெளுப்பு. இன்னொரு தடவை கலக்கலாமென்று அவன் குச்சியை எடுத்தான்.

"உட்டுடுண்ணா, நல்லாத்தான் கீது" என்றாள் அவள்.

விட்டுவிட்டான். கதவு காயும்வரை நைனாவைப் பற்றி, விற்றுப்போன மாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மதியப் பஸ்ஸுக்குப் போவதாக வந்தவள் மறுநாள்தான் கிளம்பினாள்.