நீலமணியின் இடது மூலை

ஜெசிந்தா வஞ்சிரத்தின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தபோது ஷம்ஷாத் தன் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போகும் சாலையோரத்தில் ஜெசிந்தா கூடையை இறக்கிய காலத்திலிருந்தே ஷம்ஷாத் அவளிடம்தான் மீன் வாங்குகிறாள். மருமகன் பிறந்தநாளுக்கு முட்டுக்காட்டைத் தாண்டி ஒரு ஓட்டலுக்குப் போனார்களாம். பழைய கப்பல் ஒன்றை உப்பங்கழியில் கட்டிப்போட்டு, சீரியல் விளக்கு மாட்டி, மேசை நாற்காலி போட்டிருக்கிறார்களாம்.

"முன்னாடி அந்தமான்ல பஸ்ஸு லாரியெல்லாம் இதுலதான் ஏத்திக்கினு போவாங்களாம்க்கா" என்றாள்.

படத்தில் சிரித்துக்கொண்டு நின்ற குடும்பத்தின் தலைக்கு மேலே பெயர் தெரிந்தது. நீலமணி. ஜெசிந்தா கத்தியைக் கீழே வைத்தாள். மீதி மீனை ஷம்ஷாத் அப்படியே வெட்டாமல் வாங்கிக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

நீலமணியை ஓட்டியவர் ஜெசிந்தாவின் புருஷன் மிக்கேல். இரண்டு தீவுகளுக்கு நடுவே வண்டிகளை அக்கரை இக்கரை சேர்ப்பதுதான் அதன் பிழைப்பு. முதலில் பஸ்களும் கார்களும் ஏறின. சுனாமிக்குப் பிறகு வீடு போன சனங்களும் தகர ஷீட்டுகளும். அந்தத் தீவுகளுக்கு நடுவே பாலம் வந்ததும் வேறு துறைக்குப் போய் சிமெண்ட் லாரி சுமந்தது. மிக்கேல் வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து சொல்லச் சொல்ல, பார்க்காத அந்தக் கப்பலின் பாடு முழுவதும் ஜெசிந்தாவுக்குப் பழகியிருந்தது. மகன் ஜான்சன் செத்த பிறகு அவள் கேட்பதை விட்டாள்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு அப்பாவைப் பார்க்கப் போன பிள்ளை அவன். லீவில் போன ஆளுக்குப் பதிலாகக் கொஞ்சநாள் நீலமணியில் கயிறு பிடிக்க நின்றான். வண்டிகள் ஏறி இறங்குகிற முன்பக்க இரும்புப் பலகையைத் துறையில் இறக்கும்போது சங்கிலி அறுந்தது. பலகை விழுந்ததில் கீழே நின்றவன் எழுந்திருக்கவில்லை. புயலால் சென்னைக் கப்பல் நின்றுபோயிருந்த நேரம். அவளால் போகவும் முடியவில்லை, அவர்களால் கொண்டுவரவும் முடியவில்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள். மிக்கேல் அவன் சட்டைகளோடு வந்தார். கொஞ்ச நாளில் அதே கப்பலுக்குத் திரும்பிப் போய், ரிட்டயர் ஆகும்வரை அதிலேயே இருந்தார். அதிலேயே வேலை பார்க்க எப்படி முடிந்தது என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்கப்புறம் அந்த வீட்டில் சோறு, மருந்து, கரண்ட் தவிர வேறு பேச்சு இல்லை.

கப்பல் வந்திருப்பதைச் சொல்லி, போய்ப் பார்க்கலாமா என்றாள். தனக்குத் தெரியும் என்றார் மிக்கேல். வரமாட்டேன் என்றும் சொன்னார்.

கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு அவள் தனியாகவே பஸ் ஏறினாள். மத்தியான நேரம், கூட்டம் இல்லை. வாசலில் பெரிய பலகை வைத்து நீலமணியின் சரித்திரத்தை எழுதியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். எந்தத் துறையில் ஓடியது, எத்தனை வண்டி சுமந்தது எல்லாம் இருந்தது. கடைசி வரியில், இத்தனை கால சேவையில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை என்றிருந்தது. அதை மறுபடி படித்தாள்.

மேனேஜர் நந்தகுமார் வந்து என்ன வேண்டும் என்று கேட்டான்.

"இத தப்பா எழுதிக்கீறாங்க தம்பி. எம்புள்ள இதுலதான் செத்தான்."

அவன் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். கப்பலை வாங்கும்போது கூட வந்த விவரத்தைப் பார்த்துத்தான் எழுதினோம் என்றான். பையன் என்ன வேலையில் இருந்தான் என்று விசாரித்துவிட்டு, ஆளுக்குப் பதிலாக நின்றவன் என்றால் பேரே பதிவாகியிருக்காது என்றான்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலம்மா. ஆனா சாப்பிட வர்ற எடத்துல இத எப்படி எழுதி மாட்டறது?"

ஜெசிந்தா எழுந்தாள். பிள்ளை விழுந்த இடத்தையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று முன்பக்கம் நடந்தாள். வண்டி ஏறுகிற இரும்புப் பலகையை இறக்கித் தண்ணீருக்கு மேலே மேடை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். பச்சைக் கம்பளம், அதன்மேல் மேசைகள். பிள்ளை இதன் எந்தப் பக்கத்துக்குக் கீழே நின்றான் என்று யாரைக் கேட்பது? நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்ததும், "ஒரு விபத்துகூட இல்லியாம்" என்றாள். மிக்கேல் நிமிர்ந்து பார்த்தார். "எந்த எடம்னே எனக்குத் தெரில. நீதான் வந்து காட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் போனார்கள். அன்று நல்ல கூட்டம். மிக்கேல் வாசல் பலகையில் எழுதியிருந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசைகளுக்கு நடுவே யாரையும் இடிக்காமல் நேராக நடந்து, மேடையின் இடது மூலைக்குப் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தினார். கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினார். வெள்ளை பெயிண்டுக்குக் கீழே துரு புடைத்திருந்த இரும்பு தெரிந்தது.

"இந்த மூலதான்" என்றார்.

ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். கை வைத்தாள். வெயிலில் இரும்பு சுட்டது. எடுக்கவில்லை.

"வேற கப்பல் தர்றேன்னுதான் சொன்னாங்க" என்றார் மிக்கேல், தண்ணீரைப் பார்த்தபடி. "அவன இதுல வுட்டுட்டு நான் எங்க போறது?"

பின்னால் ஒரு குடும்பம் கேக் வெட்டத் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு பெண் வந்து, படத்தில் விழுகிறீர்கள், கொஞ்சம் தள்ளி உட்கார முடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள். இருவரும் எழுந்திருக்காமலே, ஒருவர் தோளோடு ஒருவர் ஒட்டும்வரை, ஓரமாக நகர்ந்துகொண்டார்கள்.