ஓடைக்கு அக்கரையில் ஒருவன்

சத்ரிமாச் சமவெளியின் மேற்கெல்லையில் மதிலென நிமிர்ந்த குன்றுகளின் தோள்களினின்று வைகறை மூடுபனி மெல்ல வழிந்திறங்க, மாதுளந்தோப்பின் செங்கனிகள் அப்பனியினூடே அணையாத் தணல்களென ஒளிர, தொலைவிலே மாதாகோயில் மணி ஒலித்து அடங்கும் அவ்வினிய பொழுதில், குன்றடி ஓடை மட்டும் இனிமை இழந்து கிடந்தது. மேலூரார் குடித்தெறிந்த புட்டிகளும் கிழிந்த நெகிழிப் பைகளும் அதன் கற்களிடையே சிக்கி, நோயாளியின் நெஞ்சுக் கோழையென நீரோட்டத்தைத் திணறச் செய்தன.

இக்கரைத் திராட்சைத் தோட்டத்துக்கு உரியவளாகிய திரான்தே, ஆட்டுக்குப் புல்லறுப்பாள்போல் குனிந்து, அக்கரையைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தாள். அங்கே, இத்தாலியில் நெடுநாள் கொத்துவேலை செய்து அண்மையில் ஊர் திரும்பிய இலாசர், நாள்தோறும் செய்வதுபோல் நீரில் இறங்கிக் குப்பையைப் பொறுக்கிச் சாக்கிலிட்டு, சரிந்த கரையின் மண்ணைப் பிடித்து வேரூன்ற ஆற்றுப்பாலை மரத்தின் கிளைப்போத்து ஒன்றை ஊன்றிவிட்டு, வேலைக்குப் புறப்பட ஆயத்தமானான்.

கூலியின்றி ஒருவன் ஊர்க்குப்பையைச் சுமப்பானோ? அவள் கொண்ட ஐயம் அடிப்படையற்றதன்று. கூட்டுப்பண்ணைகள் கலைந்து நிலம் வீடுதோறும் பிரிந்த குழப்பக் காலத்தில், அண்டைவீட்டான் நிழலுக்கென்று சிரித்தபடியே நட்ட நெடுமரங்கள் பின்னர் எல்லைச் சான்றாகி நின்று, தன் தந்தையின் வயலில் ஒரு பகுதியை விழுங்கியதை அவள் கண்ணாரக் கண்டவள். ஓடையே எல்லை என்றிருந்த அவளுக்கு, கரையில் அவன் ஊன்றும் போத்தும் நாளை ஓடையைத் தாண்டி உரிமை கேட்கும் சான்றாகவே தோன்றிற்று.

“ஏம்ப்பா இலாசரு, இந்தக் குப்பைய அள்ள உனக்கு எவன் படியளக்கிறான்?”

“ஒருத்தனும் இல்லக்கா. கண்ணு முழிச்சா இதான் முன்னால நிக்குது. ஒரு சாக்கு அள்ளினா ஒரு சாக்கு குறையுதுல்ல.”

“குறையுறது குப்பையா, என் நெலமா?”

அவன் விடை கூறாது சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவ்வாய்மூடலையே குற்றத்தின் ஒப்புதலெனக் கொண்டாள் திரான்தே. அவன் தலை மறைந்ததும் ஓடையைக் கடந்து, போத்தைப் பிடுங்கி நீரில் எறிந்தாள். மறுநாள் அவன் அதைப் பார்த்தான். அதே இடத்தில் வேறொன்று நட்டான். அவள் பிடுங்குவதும் அவன் நடுவதுமாக இலையுதிர்காலம் கழிய, அவனுடைய பொறுமை வளர வளர அவளுடைய ஐயமும் வளர்ந்தது. சினம் கொள்ளாதவன் எதையோ கணக்கிட்டு வைத்திருக்கிறான் என்பது அவள் துணிபு.

ஊர்த்தலைவரை அழைத்து நிலத்தை அளந்துவிடுவது என்று அவள் முடிவு செய்தபோது, கணவன் மார்க்கு சாராயக் குவளையினின்று கண்ணெடுக்காமலே சொன்னான்: “வேணாம் விடு. ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். எங்கப்பன் மாதிரி நான் ஏமாற மாட்டேன்.”

ஞாயிற்று வழிபாடு முடிந்து திரும்பிய ஊரார் வேடிக்கை பார்க்கத் திரண்டு நிற்க, தலைவர் கோலா பழைய வரைபடத்தை விரித்து, இலாசரின் நிலத்துக் கோடியிலிருந்து அளவுநாடாவை இழுத்தார். நாடா அக்கரையில் நிற்கவில்லை. ஓடையையும் கடந்து இக்கரை ஏறி, திரான்தேயின் திராட்சைக் கொடிகளின் நடுவே ஓரிடத்தில் நின்றது. அவ்விடத்து மண்ணைக் கொத்திப் பார்க்க, புல்லுக்கடியில் புதைந்திருந்த எல்லைக்கல் தலைகாட்டிற்று. தங்கையின் நோய்க்குத் துணையாய் அவள் முன்பு வெளியூர் சென்றிருந்த ஒரு குளிர்காலத்தில், புதர் திருத்திக் கொடியேற்றினேன் என்று மார்க்கு பெருமை பேசிய இடம் அது.

“வேலிய நகத்துனது யாரு மார்க்கு?” என்றார் தலைவர்.

“அவன் இத்தாலியில கெடந்தான். நெலம் சும்மா கெடந்துச்சு,” என்றான் மார்க்கு, தரையைப் பார்த்தபடி.

“திருடனப் புடிக்க ஊரக் கூட்டுனா, திருடன் சமையக்கட்டுல இருக்கான்,” என்று எவனோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

திரான்தே இலாசரை நோக்கினாள். “உனக்குத் தெரியுமா?”

“வந்த அன்னைக்கே தெரியும்க்கா.”

“பின்ன ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா, அதுக்குத்தான் குப்பை பொறுக்குறேன்னு சொல்லியிருப்பீங்க.”

அன்று மாலை, மார்க்கு கைகொடாமல் அமர்ந்திருக்க, அவள் தனியொருத்தியாய் வேலியைப் பிடுங்கிக் கல்லுக்கு இப்பால் நட்டாள். உள்ளங்கை கிழிந்து குருதி கசிந்தது. கணவன் முன்பு சொன்னவற்றுள் இன்னும் எவையெவை பொய்யோ என்று, கம்பியைச் சுற்றுந்தோறும் நெஞ்சம் ஒன்றொன்றாய்த் துழாவிற்று.

மறுநாள் வைகறையில் அவளும் ஒரு சாக்கோடு ஓடையில் இறங்கினாள். இலாசர் நிமிர்ந்து, அவளையும் சாக்கையும் நெடுநேரம் பார்த்தான்.

“என்னக்கா, என் பக்கம் வந்துட்ட அந்தக் கொடியெல்லாம் திருப்பிக் கேக்கப் போறீங்களா?”

“இல்லப்பா.”

அவன் நம்பினானோ, நம்பவில்லையோ. குனிந்து தன் வேலையைத் தொடர்ந்தான். அவளும் எட்டத்திலே குனிந்தாள். மேலூர்களிலிருந்து புதிய புட்டிகள் மிதந்து வந்தவண்ணம் இருந்தன. ஒருநாட் செய்கையால் ஓடை தெளிவதில்லை. ஒருநாட் செய்கையால் மனிதர்தம் நெஞ்சமும் தெளிவதில்லை. ஆயினும் அறிவுடையீர், நம்பிக்கை வந்தபின் தொடங்குவோம் என்று நற்செயல் கரையில் காத்து நிற்பதில்லை; ஐயத்தின் பார்வையைப் பிடரியில் தாங்கியபடியே அது நாள்தோறும் குளிர்நீரில் இறங்குகிறது.