பொத்துனு விழணும், அசையக் கூடாது

இந்த சீசனுக்கு எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ, ஊரே ‘பொத்’ ஆட்டம்னு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது. ஓடிக்கிட்டிருக்கிற பாட்டு சடார்னு நிக்கும். உடனே எல்லாரும் பொத்துனு ரோட்டுல விழணும். மறுபடி பாட்டு வர்ற வரைக்கும் அசையக் கூடாது, அசைஞ்சா அவுட். இதுக்குப் பேரு டான்ஸாம். பேங்க் மேனேஜர் கூட கண்ணாடியைக் கழட்டிப் பையில வச்சுட்டு விழறார்.

எனக்கென்ன, விழட்டும். நாங்க சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கோம். பாட்டை நிறுத்துறதும் போடுறதும் வழக்கமா என் வீட்டுக்காரர் வேலை. மூணு மாசத்துக்கு முன்னாடி அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணினாங்க. அதுல இருந்து ஸ்பீக்கர் தூக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, ஆட்டம்ங்கிற பேச்சே எடுக்கக் கூடாது. பாதி டாக்டர் சொன்னது, மீதி நான் சொன்னது. எங்க தெரு விழா அன்னிக்குச் சாயங்காலம் அவரை ஓரமா நாற்காலி போட்டு உக்கார வச்சேன். காவலுக்கு என் நாத்தனார். ஆம்ப்ளிஃபயர் முன்னாடி நான்.

ஆறாவது பாட்டுல நிமிர்ந்து பாக்கிறேன், நாற்காலி காலி. நாத்தனார் யார்கிட்டயோ வாயடிச்சுட்டு நிக்கிறா. மனுஷன் நடுரோட்டுல பச்சைச் சட்டையோட குதிச்சுக்கிட்டிருக்கார். நான் பாத்த அதே நொடி அப்படியே மடங்கி விழுந்தார். பாட்டு நிக்கவே இல்லை, ஓடிக்கிட்டுதான் இருந்தது.

பதட்டத்துல பாட்டை நிறுத்தித் தொலைச்சேன். நிறுத்தினா என்ன ஆகும்? இருநூறு பேரும் பொத்துனு விழுந்தாங்க. அதுல என் ஆளு எங்கன்னு தேடுறது? ஆம்ப்ளிஃபயரை விட்டுட்டு ஓடினா, கால் வைக்க இடமில்லை. எந்திரிங்க, வழி விடுங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன், ஒரு ஜீவன் அசையணுமே. அவுட்டாக்கப் பாக்கிறேன்னு நினைச்சுக் கண்ணை மூடிக்கிட்டுச் சிரிக்கிறாங்க, பாவிங்க. கடைசியில நாத்தனாரைப் பாட்டைப் போடச் சொல்லிக் கத்தினேன்.

பாட்டு வந்துச்சு. எல்லாரும் எந்திரிச்சாங்க. பச்சைச் சட்டை மட்டும் எந்திரிக்கலை.

கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு ஓடி, முட்டி தேய உக்காந்து, சட்டைக்குள்ள கையை விட்டேன். தையல் தழும்புக்கு அடியில ஒழுங்கா அடிச்சுக்கிட்டிருந்தது. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“நீ பாத்துட்டியேன்னுதான் விழுந்தேன். ரொம்ப கோவமா?”

அறையணும்னு கை வந்துச்சு. ஆனா அழுகைதான் முந்திக்கிச்சு. சனியனே, என் உயிரை எடுக்கவே பொறந்திருக்கியான்னு கேட்டேன். கேட்டுக்கிட்டே சிரிப்பும் வந்து தொலைச்சது. டாக்டர் நடக்கச் சொன்னாரே, அதைத்தான் கொஞ்சம் வேகமா பண்ணினேன்னு அவர் முனகினார்.

அந்த நேரம் பாத்து நாத்தனார் எதையோ அமுக்கி மறுபடி பாட்டை நிறுத்திட்டா. சுத்தி அத்தனை பேரும் விழுந்தாங்க. நானும் அவர் பக்கத்துல ரோட்டுலயே படுத்துட்டேன். கையை அவர் நெஞ்சுல இருந்து எடுக்கலை. பாட்டு கொஞ்சம் மெதுவா வரட்டும்னு இருந்துச்சு.