முதல் இலை

என் வீட்டுக்காரர் அழகுபாண்டிக்கு இதயக் குழாயில் அடைப்பு தொடங்கிவிட்டதாகச் சொன்ன தல்லாகுளத்து டாக்டர், மத்தியதரைக் கடல் நாட்டுக்காரர்கள் மாதிரி சாப்பிடச் சொன்னார். ஆலிவ் எண்ணெய், மீன், பயறு, கீரை. ஆட்டுக்கறி பக்கமே போகக் கூடாது. மனிதர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். நான் ஆசையாக வாங்கி வைத்த ஆலிவ் எண்ணெயை, அந்தச் சனிக்கிழமையே தலைக்குத் தேய்த்துக் குளித்துவிட்டார்.

"பச்சப்புள்ளைக்குத் தேய்க்கிற எண்ணெயில்ல இது? இதுல எவளாச்சும் சமைப்பாளா?"

வந்த கோபத்தில் இன்னொரு பாட்டில் வாங்கினேன். அதில் தாளித்த கொண்டைக்கடலையை மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே தின்றார். திட்டிக்கொண்டு தின்றாலும் எனக்குப் போதும். அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் கொட்டாம்பட்டியில் அவர் தங்கச்சி முத்துத்தாயின் மகளுக்குக் காதுகுத்து. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை. தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவார்கள். விருந்திலும் தாய்மாமனுக்குத்தான் முதல் இலை. அந்த இலையில் கறியை வேண்டாமென்றால் உறவே வேண்டாமென்று அர்த்தம். இதற்காகவே பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தங்கைகள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. இதில், நோயைத் தங்கச்சியிடம் சொல்லக் கூடாதென்று எனக்கு உத்தரவு வேறு. டிபன் பாக்ஸில் கடலையை அடைத்துப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன்.

காது குத்தியதும் பிள்ளை வீறிட்டு அழுது, மாமன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. பந்தியில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. முத்துத்தாய் ஈரலும் நல்லியெலும்புமாக அள்ளிக்கொண்டு வந்தாள். அவர் பிள்ளையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இலைமேல் கையை விரித்து மறித்தார்.

பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே, நான் என்ன குறை வச்சேன்?" முத்துத்தாய் கரண்டியை நீட்டியபடியே கேட்டாள்.

"நெஞ்சுல அடைப்பு இருக்கு தாயி. இவ கல்யாணத்துக்கு மாமன் மாலை போட நான் இருக்கணும்ல?"

அவள் கறிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். வெடுக்கென்று அதை வாங்கி, தன் கையாலேயே முதல் இலையில் பரிமாறினாள்.

வீட்டில் ஒரு நாள்கூட அந்தக் கடலையை மறுமுறை கேட்காத மனிதர், "இன்னுங் கொஞ்சம் வையி தாயி" என்று இலையைக் காட்டினார்.